கட்டைவிரலின் பிடிவாதம்

(சேலத்தில் சைக்கிள் ஓட்டுவோர் குழு ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



"கியர் மாத்துறதப் பத்திப் பேசுங்க டீச்சர்" என்று இந்தக் குழுவின் பிள்ளைகள் வந்து கேட்டபோது உடனே சரி என்றுவிட்டேன். இரவு வீட்டில் சொன்னேன். "அதுல ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கு? அமுக்குனா மாறுது" என்றார் வீட்டுக்காரர். நான் 30 வருடம் இயற்பியல் நடத்தியவள். அமுக்கினால் மாறுகிறது என்று எழுதிய விடைத்தாளுக்கு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. அமுக்கினால் மாறத்தான் செய்கிறது. எந்தக் கையால், எந்த விரலால், எதை அமுக்கினால் எந்தப் பக்கம் மாறும் என்பது தெரியாமல் போன ஒரு நொடியில்தான் என் இடது முழங்கையில் இந்தத் தழும்பு விழுந்தது. அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

54 வயதில் முதல் மலைச் சைக்கிள் வாங்கினேன். அதுவரை ஓட்டியதெல்லாம் கியர் இல்லாத வண்டிகள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல். பிறகு கல்லூரிக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் ஒரே லேடீஸ் சைக்கிள். புதிய வண்டியில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டினேன். எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏற்காடு ஏற ஆரம்பித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதில் மூச்சு முட்டியது. பின்னால் இருந்த பெரிய பல்லுக்கு ஏற்கெனவே வந்தாயிற்று. இனி முன்னால் சின்னச் சக்கரத்துக்கு இறங்க வேண்டியதுதான் பாக்கி. அமெரிக்கக்காரர்கள் அதைப் பாட்டி கியர் என்பார்கள். நான் பாட்டியாகியும் இரண்டு வருடம் ஆகியிருந்தது, எனக்கு உரிமையுள்ள கியர்தான். இடது கட்டைவிரலால் அழுத்தினேன்.

செயின் பாட்டியிடம் போகவில்லை. கறகறவென்று அரைத்துக்கொண்டு பெரிய சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தது. பெடல் கல்லாகிப் போனது. வண்டி நின்றது, நின்ற வண்டியில் உட்கார்ந்திருக்க நான் சர்க்கஸ்காரி இல்லையே. பின்னால் வந்த பஸ்காரர் வண்டியை நிறுத்தி, "பாட்டீ, அடி பட்டுச்சா?" என்றார். முழங்கையைவிட அதுதான் வலித்தது.

என்ன நடந்தது? வலது கட்டைவிரல் இரண்டு வாரமாக ஒரு பாடம் படித்திருந்தது: தள்ளினால் மிதிப்பது லேசாகும். அதே பாடத்தை இடது கட்டைவிரல் எழுதியது. ஆனால் இடப்பக்கம் தள்ளினால் கனமாகும். யாரோ எதையோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று அன்று நான் நம்பினேன். இரண்டு பக்கமும் நடப்பது ஒரே காரியம்தான் என்று பிறகு புரிந்தது. கட்டைவிரல் நெம்புகோலைத் தள்ளும்போது கேபிள் இழுபடுகிறது. இழுபட்ட கேபிள் செயினைப் பெரிய சக்கரத்துக்கு நகர்த்துகிறது. விட்டால் சுருள்வில் அதைச் சின்னதற்குத் திரும்ப இழுக்கிறது. பின்னால் பெரிய சக்கரம் என்றால் லேசு. முன்னால் பெரிய சக்கரம் என்றால் கனம். கேபிளைப் பொறுத்தவரை இரண்டு கையும் ஒன்று. என் முழங்காலைப் பொறுத்தவரை எதிரெதிர். சைக்கிளைச் செய்தவர்கள் கேபிளின் பக்கம் நின்றுவிட்டார்கள்.

செயினை நகர்த்தும் அந்தக் கருவிக்கு டீரெய்லர் என்று பெயர். தடம் புரள வைப்பது என்று அர்த்தம், பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. நம் ஊர்க் கடைகளில் "டிரெய்லர் மாத்தணுங்க" என்றால், தீபாவளிக்கு வரும் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பக்கத்தில் நிற்பவர் நினைத்துக்கொள்வார். அது போகட்டும். என்னைத் தேற்றியது ஒரு கடைத் தம்பிதான். வண்டியைத் தொங்கவிட்டுப் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குங்க டீச்சர். எடது கையத்தான் ரெண்டு வாரம் தொடாம விடுங்க. முன்னால நடுப் பல்லுலயே வெச்சு ஓட்டுங்க. ஒரு கை படிக்கட்டும், அப்பறம் மத்தத பாக்கலாம்" என்றார். ஒரே நாளில் இரண்டு எதிர்ப்பாடம் நடத்தக் கூடாது என்பது ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததுதான். எனக்கே நான் நடத்தும்போது மறந்திருந்தது.

இந்தக் குழப்பம் எப்படி வந்து சேர்ந்தது என்று தேட ஆரம்பித்தேன். கியர் மாற்றுவதே ஒரு காலத்தில் ஆண்மைக் குறைவாகப் பார்க்கப்பட்டது என்பது தெரிந்து சிரித்தேன். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்சுக்குக் கியரே பிடிக்காது. 1937 வரை அந்தப் பந்தயத்தில் டீரெய்லருக்கு இடமில்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். ஒரு பக்கம் ஒரு பல்சக்கரம், மறுபக்கம் வேறொன்று. 1940களில் இத்தாலியின் கம்பக்னோலோ செய்த காம்பியோ கோர்சா என்ற ஏற்பாட்டைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளில் ஒரு கையைப் பின்னால் விட்டு, ஒரு கம்பியைத் திருப்பிப் பின்சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கி மிதித்துக்கொண்டே இன்னொரு கம்பியால் செயினை அடுத்த பல்லுக்குத் தள்ள வேண்டும். பிறகு மறுபடி இறுக்க வேண்டும். இந்தக் கருவியோடு ஜீனோ பர்த்தாலி 1948-ல் டூர் பந்தயத்தை வென்றார். அதற்கும் பழகியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான்; பழகிய பிறகு அதைவிட்டு வர மறுக்கிறான்.

மலைச் சைக்கிள் பிறந்த கதை கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் நடக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே ரீபேக் என்று ஒரு மண்பாதை. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், இறக்கம் சுமார் 400 மீட்டர். 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் அதில் பந்தயம் விட்டார்கள். வண்டிகள் எல்லாம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கனமான தடிச் சக்கரச் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேரும்போது சூட்டில் அச்சுக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போயிருக்கும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால்தான் அந்தப் பாதைக்கு ரீபேக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இறங்குவதற்குக் கியர் வேண்டாம். மேலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது சலித்துப்போனபோதுதான் கியர் வந்தது. அந்த இளைஞர்களில் கேரி ஃபிஷர் போன்றவர்கள் பழைய சைக்கிள் சட்டங்களில் டீரெய்லரைப் பொருத்தினார்கள். அக்காலப் பந்தயச் சைக்கிள்களில் கியர் நெம்புகோல் கால்களுக்கிடையே உள்ள கீழ்க்குழாயில் இருக்கும். மாற்ற ஒரு கையை எடுத்தாக வேண்டும். கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் கையை எடுத்தால் பல் மிஞ்சாது. ஹேண்டில்பாரின் மேலேயே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் நெம்புகோலை வைத்தார்கள். தம்ப் ஷிஃப்டர் என்று பெயர். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அதிலும் அதுதான்.

அந்தப் பழைய தம்ப் ஷிஃப்டரில் 'டிக்' என்ற சத்தம் கிடையாது. வீட்டு மின்விசிறிக்குப் படியில்லாமல் திரும்பும் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கில் நிற்கும், ஐந்தில் நிற்கும், இரண்டுக்கும் நடுவிலும் நிற்கும். நெம்புகோல் எங்கே விட்டோமோ அங்கே உராய்வில் தங்கும். செயின் சரியாகப் பல்லில் விழுந்ததா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். சரசரவென்றால் இன்னும் ஒரு நூல் தள்ளு. சத்தம் நின்றால் விடு. நண்பர் ஒருவரின் பழைய வண்டியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். முதல் மூன்று நாள் வதை. நான்காம் நாள் என் கை என்னைக் கேட்காமலே அந்த நூலளவைத் தள்ள ஆரம்பித்தது. இதில் இன்னொரு சௌகரியம்: இந்த ஷிஃப்டருக்கு எந்தக் கம்பெனி டீரெய்லர், பின்னால் எத்தனை பல் என்ற கவலையே கிடையாது. அது கேபிளை இழுக்கும், அவ்வளவுதான்.

1984-ல் ஷிமானோ நிறுவனம், ஒரு 'டிக்'குக்கு ஒரு பல் என்ற ஏற்பாட்டைப் பந்தயச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அந்த 'டிக்'குக்குக் கைகொடுத்த, சாய்ந்த இணைகரமாக நகரும் டீரெய்லரை அதற்கு இருபது வருடம் முன்பே, 1964-ல், சன்டூர் நிறுவனம் கண்டுபிடித்திருந்தது. அந்தக் காப்புரிமை முடிந்த பிறகு ஷிமானோ அதையும் எடுத்துக்கொண்டது. சில வருடங்களில் 'டிக்' மலைச் சைக்கிளுக்கும் வந்தது. அப்போது அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதிய தம்ப் ஷிஃப்டரில் 'டிக்' வேண்டாம் என்றால் பழைய உராய்வு முறைக்கே மாற்றிக்கொள்ள ஒரு வழியையும் வைத்திருந்தார்கள். விழுந்து டீரெய்லர் வளைந்துபோனால் அது கைகொடுக்கும். பழக்கம் மாறாதவர்களுக்கும் கைகொடுக்கும். மாணவன் தடுமாறினால் பழைய பாடத்துக்குத் திரும்பிப் போக ஒரு கதவைத் திறந்தே வைப்பது நல்ல ஆசிரியரின் குணம்.

அடுத்து வந்ததில் அந்தக் கதவு இல்லை. 1990 வாக்கில் வந்த ஷிமானோவின் ரேபிட்ஃபயர், ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு பொத்தான்களை வைத்தது. இரண்டையும் கட்டைவிரலால்தான் தள்ள வேண்டும். ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். வரைபடத்தில் அழகான யோசனை. ஆனால் மூச்சு வாங்கும் ஏற்றத்தில் கட்டைவிரலுக்கு மேல் பொத்தான் எது, கீழ்ப் பொத்தான் எது என்று தெரியவில்லை. பலர் மறுபடி தம்ப் ஷிஃப்டருக்கே திரும்பினார்கள். அந்தக் கூட்டம் இன்றும் கரைந்துவிடவில்லை. கலிபோர்னியாவின் பால் காம்பொனெண்ட் என்ற சிறு நிறுவனம், வேறு வகை நெம்புகோல்களைத் தம்ப் ஷிஃப்டராக மாட்டிக்கொள்ள ஒரு பிடியைச் செய்து விற்கிறது. ஷிமானோவும் தன் தவறைச் சீக்கிரமே திருத்திக்கொண்டது: தள்ளக் கட்டைவிரல், விடுவிக்க ஆள்காட்டி விரல். ஒரு விரலுக்கு ஒரே வேலை. இன்று நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் வண்டியில் இருப்பது இந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைதான்.

இதே சமயத்தில் சிகாகோவில் இன்னொரு கூட்டம். 1987-ல் தொடங்கிய ஸ்ராம் நிறுவனம் (நிறுவியவர்களின் பெயர்களான ஸ்காட், ரே, சாம் ஆகியவற்றிலிருந்து எடுத்த எழுத்துகள்) கைப்பிடியையே திருகி கியர் மாற்றும் கிரிப் ஷிஃப்டைக் கொண்டுவந்தது. மேல்நாட்டில் இதைப் புதுமை என்றார்கள். பஜாஜ் சேத்தக் ஓட்டிய நம் தலைமுறைக்கு இதில் என்ன புதுமை? இடது கைப்பிடியைக் கிளட்சோடு சேர்த்துத் திருகினால் ஒன்று, நியூட்ரல், இரண்டு, மூன்று, நான்கு. என் வீட்டுக்காரரிடம் திருகு ஷிஃப்டர் வண்டி ஒன்றைக் கொடுத்தேன்; ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டார். கூடவே கிளட்சைத் தேடி இடது பிரேக்கையும் பிடித்துத் தொலைத்தார். திருகு ஷிஃப்டரில் ஒரே திருகலில் நாலைந்து பல் தாண்டலாம், கையுறை போட்டாலும் சிக்கலில்லை. ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் கை ஈரமாக இருக்கும்போது வழுக்கும். கரடுமுரடான இறக்கத்தில் பயத்தில் கைப்பிடியை இறுக்கினால் கியரும் தானாக மாறிக்கொள்ளும். அது எனக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவந்தவர்கள் அதைவிட்டு வர மாட்டார்கள், அவர்களோடு சண்டை போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

பிற்பாடு அதே ஸ்ராம், 2000களின் நடுவில், இரண்டு நெம்புகோலையும் கட்டைவிரலுக்கே கொடுத்த ஷிஃப்டரைக் கொண்டுவந்தது. முதல் ரேபிட்ஃபயரில் மக்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே யோசனைதான். இம்முறை ஏற்றுக்கொண்டார்கள். வடிவம் மாறியிருந்தது: இரண்டு நெம்புகோல்களும் ஒன்றுபோல் இருக்கவில்லை, ஒன்று அகலம், நீளமான வீச்சு, மற்றது சின்னது, சட்டென்ற சொடுக்கு. கட்டைவிரல் கண்ணில்லாமலே இரண்டையும் பிரித்தறிந்தது. ஷிமானோவும் பிறகு தன் உயர்ரக ஷிஃப்டர்களில் விடுவிக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலாலும் தள்ளலாம், ஆள்காட்டி விரலாலும் இழுக்கலாம் என்று ஆக்கியது.

இனி நான் சொல்ல நினைத்து வந்த விஷயம். 2003-ல் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் என்ற கியர் தொகுதி, ஏழாவது வளைவில் என்னைத் தள்ளிவிட்ட அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பார்த்தது. பின் டீரெய்லரின் சுருள்வில்லைத் திருப்பிப் போட்டார்கள். விட்டால் செயின் பெரிய பல்லுக்கு வரும், அதாவது லேசாகும். தள்ளினால் கனமாகும். இப்போது யோசித்துப் பாருங்கள். இடது கை தள்ளினாலும் கனம், வலது கை தள்ளினாலும் கனம். இரண்டு கைக்கும் ஒரே பாடம்! என் வகுப்பில் யாராவது இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அதோடு கூட, பிரேக் பிடிக்கும் நெம்புகோலையே மேலும் கீழும் தட்டி கியர் மாற்றும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். விரல் பிரேக்கை விட்டு நகரவே வேண்டாம்.

தோற்றுப்போனது. குதிக்கும் வண்டியில் பிரேக்கில் கிடக்கும் விரல் தெரியாமல் கியரைத் தட்டியது ஒரு காரணம். எனக்குப் பெரிய காரணமாகப் படுவது வேறு. மலைச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரின் வலது கட்டைவிரலும் தள்ளினால் லேசு என்று பத்து இருபது வருடமாகப் படித்து முடித்திருந்தது. புதிய ஏற்பாடு அறிவுக்குப் பொருந்தியது, கைக்குப் பொருந்தவில்லை. அடுத்த தொகுதியில் பழைய முறையும் மறுபடி வந்து உட்கார்ந்தது. புதிதாக ஓட்டக் கற்றவளான எனக்கு அந்த வண்டி கிடைத்திருந்தால் என் முழங்கை தப்பியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

இது சைக்கிளுக்கு மட்டும் நேர்ந்த கதையில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. பிறகு வந்த புல்லட்டுகளில் இடம் மாறிவிட்டது. பழைய வண்டியில் வளர்ந்தவர்கள் புது வண்டி எடுத்த முதல் வாரத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலியான ரோட்டில் ஒரு தவறும் வராது. குறுக்கே ஒரு ஆடு வந்தால் இடது கால் பிரேக்கைத் தேடும்.

அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின் 2015-ல் வெளியிட்ட ஒரு காணொளியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும் ஒரு சைக்கிள். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனாலும் ஓட்ட முடியவில்லை. தினமும் கொஞ்சம் முயன்று, எட்டு மாதம் கழித்து ஒரு நாள் திடீரென்று வந்தது. அவருடைய சின்ன மகனுக்கு இரண்டு வாரம்தான் ஆனது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஒரு சாதாரண சைக்கிளில் ஏறினால், அது வரவில்லை! சுமார் இருபது நிமிடம் தள்ளாடிய பிறகுதான் பழையது திரும்பியது. அந்த இருபது நிமிடம்தான் என்னை யோசிக்க வைத்தது. பழையதைக் கை மறக்கவில்லை. எங்கோ உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது.

அந்தப் பூட்டு எப்போது திறக்கிறது என்பதை நானே கவனித்திருக்கிறேன். சமதளத்தில் மூளைக்கு நேரம் இருக்கிறது. இது வேறு வண்டி, இதில் இரண்டும் கட்டைவிரல் என்று விரலுக்குச் சொல்லி அனுப்புகிறது. மேட்டில், மூச்சு வாங்கும்போது, சொல்லி அனுப்ப ஆளில்லை. விரல் தன்னிடம் உள்ள மிகப் பழைய பாடத்தை எடுத்துக்கொள்கிறது. ஊருக்குள் இரண்டு வாரம் ஓட்டி நான் பழகிவிட்டேன் என்று நினைத்தது இதனால்தான் பொய்த்தது. என் மூளை பழகியிருந்தது, கட்டைவிரல் பழகவில்லை.

எனவே புது ஷிஃப்டரோடு பழக வேண்டும் என்றால் மூச்சு வாங்கும் இடத்துக்கே போங்கள். பெரிய மலை வேண்டாம். எங்கள் வீட்டருகே ஒரு பாலத்து ஏற்றம் இருக்கிறது, மிதித்தால் இரண்டு நிமிடம். விடிகாலையில் அதிலேயே பத்துத் தடவை ஏறி இறங்குவேன். ஏறத் தொடங்கும் முன்பே லேசான பல்லுக்கு வந்துவிடுவது, நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே கனமாக்கித் திரும்ப லேசாக்குவது. மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் மிதியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பல்லைக் கடித்துக்கொண்டு அழும். இரண்டாவது, ஷிஃப்டரை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி அதன் கோணத்தை உங்கள் கட்டைவிரலுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளுங்கள். கடையில் மாட்டிக்கொடுத்த கோணம் கடைக்காரரின் கைக்கு உரியது. பழகவே முடியவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு ஆலன் சாவியில் வேலை முடிந்தது.

வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்தால் இரண்டிலும் ஒரே வகை ஷிஃப்டர் இருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி ஓட்டுவதைப்போலக் கட்டைவிரலைக் குழப்புவது வேறில்லை. ஆனால் பிடித்த ஷிஃப்டரைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு 'டிக்'குக்கு எவ்வளவு கேபிள் இழுபட வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஸ்ராம் தன் மலைச் சைக்கிள் டீரெய்லர்களுக்கு இழுத்த அளவுக்கே நகரும் ஒன்றுக்கு ஒன்று கணக்கைக் கொண்டுவந்தது. ஷிமானோவின் பழைய கணக்கில் இழுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நகரும். ஒரே கம்பெனிக்குள்ளும் ஒன்பது பல், பத்துப் பல், பன்னிரண்டு பல் என்று கணக்கு மாறுகிறது. கலந்து மாட்டினால் இரண்டாவது பல்லில் சரியாக விழும் செயின் ஐந்தாவதில் தொங்கும். அப்படி ஒரு வண்டியைச் சரிசெய்ய இரண்டு சனிக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறேன்.

இடது கைக் குழப்பம் கடைசியில் தீர்ந்தது, தீர்த்த விதம்தான் வேடிக்கை. இடது ஷிஃப்டரையே எடுத்துவிட்டார்கள். 2012-ல் ஸ்ராம், முன்னால் ஒரே சக்கரம், பின்னால் பதினொன்று என்று ஒரு தொகுதியைக் கொண்டுவந்தது. 2016-ல் பின்னால் பன்னிரண்டு. 10 பல்லில் தொடங்கி 50 பல் வரை. 2018-ல் ஷிமானோ 51 பல்லுக்குப் போனது. இருபத்து நான்கு கியரை விட்டுவிட்டுப் பன்னிரண்டோடு மலை ஏறுவதா என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பழைய வண்டியில் முன்னால் 42, 32, 22. பின்னால் 11 முதல் 32. அதில் 42-ஐ 21-ஆல் வகுத்தால் 2. 22-ஐ 11-ஆல் வகுத்தாலும் 2. இரண்டு வெவ்வேறு கியர் என்று பேர், கால் உணர்வது ஒன்றைத்தான். 26 அங்குலச் சக்கரத்தில், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பாட்டி கியரில் சுமார் 1.4 மீட்டர் போகும், மிகக் கனமானதில் 7.9 மீட்டர். புது வண்டியில் 29 அங்குலச் சக்கரம், முன்னால் 32, பின்னால் 10 முதல் 51: சுமார் 1.4 மீட்டரிலிருந்து 7.4 மீட்டர் வரை. பாட்டி கியர் அப்படியே இருக்கிறது. மேல்முனையில்தான் அரை மீட்டர் போயிற்று, அந்த வேகத்தில் போகும் வயது எனக்கும் போயிற்று.

மின்கலத்தில் இயங்கும் ஷிஃப்டர்களும் வந்துவிட்டன. 2014-ல் ஷிமானோவின் மலைச் சைக்கிள் டிஐ2. அதில் ஒரே ஷிஃப்டரால் முன், பின் இரண்டு டீரெய்லரையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வசதி உண்டு. 2019-ல் ஸ்ராமின் கேபிளே இல்லாத ஏஎக்ஸ்எஸ். எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கைப்பேசியிலேயே மாற்றிக்கொள்ளலாம். கையை வண்டிக்குப் பழக்குவதை விட்டு வண்டியைக் கைக்குப் பழக்கும் காலம். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது; அந்தக் காசுக்கு என் முதல் மலைச் சைக்கிளைப் போல ஐந்து வாங்கலாம். ஒரு நண்பரின் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். கேபிள் இழுபடும் அந்தக் கனத்தை என் கட்டைவிரல் தேடியது. எத்தனை பல் தாண்டினோம் என்பதை இதுவரை அந்தக் கனத்தை வைத்துத்தான் எண்ணி வந்திருக்கிறேன் என்பது அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது.

நேரமாகிவிட்டது. வெளியே வாசலில் நான்கு சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்று பழைய தம்ப் ஷிஃப்டர், ஒன்று திருகு, ஒன்று கட்டைவிரல் ஆள்காட்டி விரல், ஒன்று இரண்டும் கட்டைவிரல். நான்கையும் ஓட்டிப் பாருங்கள். கேட்டுக்கு வெளியே தெரு மேடாகத்தான் இருக்கிறது, அங்கே ஏறிப் பாருங்கள், மைதானத்தில் சுற்ற வேண்டாம். சிவப்பு நிற வண்டி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில் முன் பிரேக் இடது கையில் இருக்கிறது, நம் ஊர் வண்டிகளில் வலது கையில் இருப்பது. அதை ஓட்டுபவர்கள் இறங்கி வரும்போது மெதுவாக வாருங்கள். முதலுதவிப் பெட்டி என் பையில் இருக்கிறது.